கொல்லிமலையா ஏற்காடா?
ரெண்டுமே கிழக்குத் தொடர்ச்சி மலைதான், ஆனா குணம் வேற வேற. ஏற்காட்டுக்கு சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, 1820கள்ல கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டாந்து வெச்சாரு, இன்னைக்கும் சில்வர் ஓக் நிழல்ல காபி, அந்த மரத்துலயே மிளகுக்கொடி ஏறி நிக்கும். ஏரி, போட்டிங், ஃபேமிலியோட போக வசதி.

கொல்லிமலைல 70 வளைவு, வயித்தைப் பிரட்டும், ஆனா எனக்கு அதான் மலை. கடையெழு வள்ளல்ல ஒருத்தனான வல்வில் ஓரி ஆண்ட இடம், சாமை, தினை, பலா, அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துலயே ஆகாயகங்கை அருவிக்கு படி இறங்குது, கீழ போகப்போக சாரல் மூஞ்சில அடிக்கும், திரும்ப ஏறும்போது முட்டி கழண்டுடும். வயசானவங்க இருந்தா ஏற்காடு போங்க, இல்லன்னா யோசிக்காம கொல்லிமலைதான்.