டிஸ்ப்ளே பீஸைப் புது ஓஎல்இடி டிவி என்று விற்றார்கள்: வாங்கப்போகிறவர்கள் கவனம்

கோவையில் ஒரு பெரிய ஷோரூமில் தீபாவளி ஆஃபரில் 55 இஞ்ச் ஓஎல்இடி டிவி வாங்கினேன். 1,12,000 ரூபாய். அதில் பாதி அப்பாவின் ஓய்வூதியப் பணம். "கண்ணு நல்லாத் தெரியறப்பவே ஒரு நல்ல டிவில மேட்ச் பாத்துக்கறேன்" என்று அவர்தான் ஆசைப்பட்டார். வீட்டுக்கு வந்தது புது டிவி இல்லை, மாதக்கணக்கில் கடைச் சுவரில் ஓடிக்கொண்டிருந்த டிஸ்ப்ளே பீஸ். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. உங்களுக்கு அரை மணி நேரம் போதும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டெலிவரிக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். பெட்டியின் மேல்பக்கம் பழைய டேப் கிழிந்திருந்தது, அதன்மேல் புது டேப் ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, "டேமேஜ் இருக்கான்னு கடையிலயே செக் பண்ணித்தான் சார் அனுப்புவாங்க" என்றார்கள். நானும் நம்பி, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று சலானில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். இரண்டு நாள் கழித்து ஒருவர் வந்து சுவரில் மாட்டினார், வைஃபை இணைத்துக் கொடுத்தார், போய்விட்டார்.

முதல் இரண்டு வாரம் குறையே தெரியவில்லை. ஓஎல்இடியில் பின்னாலிருந்து அடிக்கும் விளக்கு கிடையாது, திரையில் இருக்கும் ஒவ்வொரு குட்டிப் புள்ளியும், அதாவது பிக்ஸலும், தானே எரிகிறது. கறுப்பு வரவேண்டிய இடத்தில் பிக்ஸல் முழுதாக அணைந்துவிடும். ராத்திரி ஹால் லைட்டை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் திரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அப்பாவுக்கு அத்தனை சந்தோஷம்.

அம்மாதான் முதலில் பார்த்தார். ஒரு படத்தில் பனிமூட்டக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. "அடில என்னப்பா கட்டங் கட்டமாத் தெரியுது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அப்புறம் யூடியூபில் திரை முழுக்கச் சாம்பல் நிறம் மட்டும் காட்டும் வீடியோவைப் போட்டு, ஜன்னலை மூடிவிட்டுப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அடி விளிம்பிலிருந்து நாலு விரல் மேலே, வரிசையாக ஐந்து கட்டங்கள். இடது ஓரத்தில் இருந்தது மட்டும் கொஞ்சம் பெரியது. ஈரத் துணியால் துடைத்த தடம் மாதிரி லேசாக மங்கியிருந்தன. வீடியோவை மாற்றினாலும் அதே இடம், அதே கட்டம்.

இதைத்தான் பர்ன்-இன் என்கிறார்கள். பிக்ஸலில் இருப்பது கரிமப் பொருள், எரிய எரியத் தேயும். ஒரே இடத்தில் ஒரே வெளிச்சமான படம் மாதக்கணக்கில் நின்றால் அந்த இடம் மட்டும் அதிகமாகத் தேய்ந்து மங்கிவிடும். செய்திச் சேனல் லோகோவையும் கீழே ஓடும் பட்டையையும் பற்றி எச்சரிப்பது இதனால்தான். ஆனால் எங்கள் வீட்டில் செய்திச் சேனல் ஓடுவது ராத்திரி அரை மணி நேரம்.

சர்வீஸ் ஆள் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணுவீங்களா சார்?" ஆமாம், தினமும் படுக்கப்போகும்போது பிளக் ஸ்விட்சை அணைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். பல வீடுகளில் அப்படித்தான். "அதான் சார் பிரச்சினை" என்று எழுதி முடிக்கப் பார்த்தார். அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது, ஓஎல்இடி வைத்திருப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: மொத்தம் நாலு மணி நேரம் போலப் பார்த்தபின் ரிமோட்டில் அணைத்தால், ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது டிவி தானாகவே பிக்ஸல்களைச் சில நிமிடங்களில் சரிசெய்துகொள்ளும். பிளக்கை அணைத்துவிட்டால் அது நடக்காது. இடி மின்னல் நேரத்தில் தவிர பிளக்கை அணைக்காதீர்கள்.

ஆனால் மூன்று வாரத்தில் அதனால் இப்படி ஆகாது. "இது மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்று நான் விடாமல் கேட்டதும், ரிமோட்டில் ஏதோ அழுத்தி ஒரு மெனுவைத் திறந்தார். 3,140 மணி நேரம். டிவி வீட்டுக்கு வந்து அன்றைக்கு 19-வது நாள். ராத்திரி பகலாக ஓடவிட்டிருந்தாலும் 456 மணி நேரம்தான் வரும். அவர் அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. திரையை அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஷோரூமுக்குப் போனேன். சுவரில் அதே மாடல் ஓடிக்கொண்டிருந்தது. கடையில் ஓடும் டிவிகளை டெமோ மோடில் வைத்திருப்பார்கள். வெளிச்சம் உச்சத்தில் இருக்கும், டிவியின் அம்சங்களைச் சொல்லும் ஒரு பட்டை கீழே நகராமல் நிற்கும். அந்தப் பட்டையில் ஐந்து கட்டங்கள். இடது ஓரத்தில் பெரிய கட்டம். விளிம்பில் கை வைத்துப் பார்த்தேன், சரியாக நாலு விரல். எனக்குக் கை நடுங்கியது. காலை பத்து முதல் இரவு ஒன்பதரை வரை கடை திறந்திருக்கும், கணக்குப் போட்டால் ஒன்பது மாத ஓட்டம்.

மேனேஜர் முதலில் "ஃபேக்டரி டெஸ்டிங்ல ஓடுன நேரம் சார்" என்றார். அப்புறம் வாரண்டியை ஒரு வருடம் நீட்டித் தருவதாகச் சொன்னார். அந்த வாரண்டி அட்டையிலேயே பர்ன்-இன் சேராது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது! நான் ஒத்துக்கொள்ளவில்லை. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பில், சலான், போட்டோக்களோடு புகார் பதிவு செய்தேன். பழைய பொருளைப் புதியது என்று விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமும் இல்லை, 2 வருடத்துக்குள் போடலாம். இதை எழுதி மேனேஜருக்கு அனுப்பியபின்தான் பேச்சு மாறியது.

நாற்பது நாள் இழுத்தடித்து வேறு டிவி அனுப்பினார்கள். இந்த முறை பெட்டி மேல் இருந்த சீரியல் எண்ணையும் டிவியின் பின்பக்க எண்ணையும் ஒப்பிட்டேன். ஓடிய நேரத்தைக் காட்டச் சொன்னேன். சாம்பல் திரையையும் சிவப்புத் திரையையும் போட்டுப் பார்த்தேன். ரொம்ப இருண்ட சாம்பலில் மெல்லிய செங்குத்துக் கோடுகள் புது பேனலிலும் தெரியும், அதற்குப் பயப்பட வேண்டாம். கட்டமோ எழுத்தோ தெரிந்தால்தான் விடக்கூடாது. எல்லாம் பார்த்தபிறகே கையெழுத்து. அந்தப் பையன்கள் பாவம், பொறுமையாக நின்றார்கள்.

பழைய டிவியை அதே வேனில் ஏற்றினார்கள். "இது எங்கப்பா போகும்?" என்று கேட்டேன். "குடோனுக்குத்தாங்ண்ணா. வேற பெட்டி போட்டு வெப்பாங்க" என்றான் ஒருவன். அது மறுபடியும் வெளியே வரலாம். கோவைப் பக்கம் 55 இஞ்ச் ஓஎல்இடி வாங்குகிறவர்கள் சாம்பல் திரையைப் போட்டு அடி விளிம்பைப் பாருங்கள். நாலு விரல் மேலே, ஐந்து கட்டம், இடது ஓரத்தில் பெரியது.