எராஸ்மஸ் முண்டஸ்: கேட்பதும் கொடுப்பதும்

டியூஷன் ஃபீஸ் அவர்கள் பொறுப்பு, இன்ஷூரன்ஸ் உண்டு, மாதம் 1,400 யூரோ கையில். ஒரே மாஸ்டர்ஸைப் பல நாடுகளில் படிக்க ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கிற இந்த எராஸ்மஸ் முண்டஸ் ஸ்காலர்ஷிப்பைப் பற்றிச் சொன்னால், "கடைசியில எங்கயாவது கட்டச் சொல்லுவான் பாரு" என்றார் மாமா. கட்டச் சொல்லவில்லை. விண்ணப்பமும் நேராக அந்தந்தப் படிப்பின் தளத்தில்தான். இதற்கு ஏஜென்ட் எதற்கு? கோவையில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். நாற்பதாயிரம் கேட்டதோடு, கடன் வாங்கிப் படிக்கிற வேறு ஒரு காலேஜ் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

சிவில் முடித்த நான் சேர்ந்தது நிலத்தடி நீர் பற்றிய க்ரவுண்ட்வாட்ச் எம்.எஸ்சி. லிஸ்பன், டெல்ஃப்ட், டிரெஸ்டன் என்று செமஸ்டருக்கு ஒரு ஊர், அப்புறம் தீசிஸ்.

மார்க் வேண்டும்தான், ஆனால் ஆளைத் தூக்கிவிடுவது மோட்டிவேஷன் லெட்டர். அதில் நான் எழுதியது பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்தில் போட்ட போர்வெல்லைப் பற்றி. ஆயிரம் அடி தாண்டியும் குழாயிலிருந்து வெள்ளைப் புழுதிதான் பறந்தது. ரிக் வண்டிக்காரர் அடிக்கணக்கில் பில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். பக்கத்துத் தோட்டத்து போர் ஆழமாகப் போகப் போக எங்கள் கிணறு ஏன் இறங்குகிறது, அதை எப்படி அளப்பது என்பதுதான் என் கேள்வி. "சிறு வயதிலிருந்தே நீர் மீது ஆர்வம்" என்று ஆரம்பிக்கிற கடிதங்களைப் படித்துப் படித்து அந்தப் பேராசிரியர்களுக்குச் சலித்திருக்கும், பாவம்.

குறை இல்லாமல் இல்லை. 2021-க்கு முன் பயணத்துக்கும் போய்க் குடியேறுவதற்கும் தனியாகக் கொடுத்தார்கள். இப்போது எல்லாம் அந்த 1,400-க்குள். அதுவும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும். விசா, டிக்கெட், ரூம் அட்வான்ஸ் எல்லாம் முதலில் நம் பாக்கெட்டிலிருந்து. அம்மாவின் செயின் கூட்டுறவு வங்கிக்குப் போனது. டெல்ஃப்டில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு, லிஸ்பனில் இருக்கும்போதே தேட ஆரம்பித்துவிட வேண்டும்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபர் வாக்கில் திறந்து ஜனவரிக்குள் மூடிவிடுவார்கள். சிபாரிசுக் கடிதத்தைத் தீபாவளிக்கு முன்பே கேட்டு வைத்துவிடுங்கள். செமஸ்டர் எக்ஸாம் ட்யூட்டி தொடங்கிவிட்டால் சாரைப் பிடிக்கவே முடியாது.