டெப்த் கேஜ் சென்சார்: ஒட்டுப்போட்டு ஓட்டுவதா, புதிதாக மாட்டுவதா?

காவேரிப்பாக்கம் ஏரியில் வண்டல் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளக்க எங்கள் ஃபைபர் படகில் ஒரு டெப்த் கேஜ் வைத்திருக்கிறோம். அதன் சென்சார் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும், திரும்பும் எதிரொலியை வைத்து டிஸ்பிளே ஆழத்தைக் காட்டும். போன கோடையில் அதன் சென்சார் மக்கர் செய்தது. கடைசியில் புதிதுதான் வாங்கினேன், அதனால் என் பேச்சு அந்தப் பக்கமே சாயும்.

முதலில் செலவில்லாத விஷயங்கள். பேட்டரி வோல்டேஜ் இறங்கியிருக்கிறதா, கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா, சென்சார் முகத்தில் பாசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பாசியை சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போக்கிவிடும், உப்புத்தாள் வேண்டாம். படகு நிற்கும்போது ஆழம் ஒழுங்காக வந்து, வேகமெடுத்தால் மட்டும் எண் மறைகிறதா? அது பெரும்பாலும் காற்றுக்குமிழி. சென்சாரைக் கொஞ்சம் கீழே இறக்கி மாட்டினால் சரியாகிவிடும்.

இதையெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால்தான் கேள்வியே. உள்ளே ஒலியை அனுப்பி வாங்கும் பீசோ செராமிக் வில்லையை எபாக்சிப் பிசினில் வார்த்து மூடியிருப்பார்கள், பிரித்துப் பார்க்க வழியில்லை. ஆகவே ரிப்பேர் என்றால் கேபிள் ரிப்பேர்தான். வேலூரில் காட்டிய கடையில், "வெட்டி ஒட்டிடலாம் சார், சாயங்காலம் வாங்க" என்றார்கள். மலிவு, உடனே கிடைக்கும். மீன் பிடிக்க, சும்மா சுற்றிவர மட்டும் படகு வைத்திருப்பவருக்கு அது தாராளமாகப் போதும்.

எனக்கு ஏன் போதாது? அடியில் பட்டுத் திரும்பும் எதிரொலி தரும் சிக்னல் மிக மிக மெலிது. அதைக் காக்கத்தான் கேபிளுக்குள் ஷீல்டு பின்னல் இருக்கிறது. வெட்டிய இடத்தில் அந்தப் பின்னல் விட்டுப்போனால் மோட்டார் இரைச்சல் உள்ளே நுழையும். தண்ணீர் புகுந்தால் கம்பி இழைகளின் வழியாகவே உள்ளே ஏறும். நம் ஊர் ஏரியோ மழைக்கு நிரம்பும், கோடையில் வற்றும். படகு கரையில் வெயிலில் காயும்போது ஒட்டிய டேப்பும் வாய் பிளக்கும்.

சுத்தமாகச் செத்த சென்சாரால் ஆபத்தில்லை, எண்ணே வராது. பாதி உயிரோடு இருப்பதுதான் வம்பு. ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும், அது அடிமண்ணா நீர்ப்பூண்டா என்று நமக்குத் தெரியாது. அப்புறம் அந்த எண்களை வைத்து எத்தனை லோடு வண்டல் அள்ளலாம் என்று கணக்கு வேறு போடுவார்கள்! ஒட்டுப்போட்டதை நம்பினால் ஒவ்வொரு சீசனிலும் மூங்கில் கழியை இறக்கி இறக்கிச் சரிபார்க்க வேண்டும். அந்தக் கூலியைக் கூட்டினால் மலிவு என்ற பேச்சே அடிபட்டுப்போகும்.

புதிதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிளக், அலைவரிசை இரண்டும் பழைய டிஸ்பிளேவுக்குப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்பிளேவையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி சேற்றின் மேல்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும், 50 கிலோஹெர்ட்ஸ் சேற்றுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். வண்டல் வேலைக்கு இரண்டும் தேவை என்பதால் இரட்டை அலைவரிசை உள்ளதைத்தான் தேடி வாங்கினேன். மீனுக்கு மட்டும் என்றால் 200 போதும்.

நான் சொல்வதெல்லாம் ஏரி அனுபவம். உப்புத் தண்ணீரில் எது எத்தனை காலம் தாங்கும் என்பதைக் கடலில் படகு ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள்.

புதிதை மாட்டியதும் ஆழத்தைத் தண்ணீர் மட்டத்திலிருந்து காட்டுகிறதா, சென்சார் முகத்திலிருந்தா என்று செட்டிங்கில் பார்த்துவிடுங்கள். அந்த இடைவெளியைக் கூட்ட மறந்தால் எல்லா அளவும் ஒரே அளவுக்குக் குறைவாகவே வரும்.