ஸ்டியரிங் ஒடித்தால் எஞ்சின் அடங்குகிறதா: ஸ்குரூவா, ஐடில்-அப் வால்வா?

பெரிய டயர் பூட்டிய பழைய கார்புரேட்டர் ஜீப்பை சிலாங்கூர் மாநிலத்தின் உலு லங்காட் சேற்றில் நிறுத்தி ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால், பவர் ஸ்டியரிங் பம்பின் சுமை தாங்காமல் எஞ்சின் அடங்கிவிடுகிறது. கார்புரேட்டரில் உள்ள ஐடில் ஸ்குரூவைத் திருகி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுழலும் வேகத்தை (ஆர்பிஎம்) ஏற்றுவதா, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மட்டும் அதை ஏற்றும் ஐடில்-அப் வால்வு பொருத்துவதா?

செலவு: முன்னதற்கு ஒரு ஸ்குரூடிரைவர் போதும், பின்னதற்கு பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடையில் பாகம் தேடி, பட்டறைக் கூலியும் கொடுக்க வேண்டும்.

ஓட்டம்: ஸ்குரூவால் ஏற்றிய ஆர்பிஎம் எந்நேரமும் ஏறியே நிற்பதால், கோலாலம்பூர் நெரிசலில் பெட்ரோல் வீணாவதோடு, செங்குத்துச் சரிவில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும் எஞ்சின் பிரேக்கும் குறைந்துபோகிறது, எனக்குப் பெருங்கவலை இதுதான். ஐடில்-அப் வால்வு அப்படியல்ல; பம்பில் அழுத்தம் ஏறும்போது மட்டும், எஞ்சினின் உறிஞ்சு விசையால் (வேக்குவம்) அசையும் ரப்பர் சவ்வான டயாபிரத்தை இயக்கி, எஞ்சினுக்குள் காற்றை விடும் திராட்டிலை இலேசாகத் திறக்கிறது.

ஆயுள்: ஸ்குரூவில் கெட ஒன்றுமில்லை. வால்வின் ரப்பர் ஹோஸ் வெடித்தால் காற்று கசியும். சீல் போனால் ஸ்டியரிங் எண்ணெய் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு வெண்புகை வரும்.

எப்போதாவது காட்டுக்குப் போகிறவர், கார்புரேட்டரைச் சுத்தம் செய்தபின் ஸ்குரூவைச் சற்றே ஏற்றினால் போதும். அடிக்கடி சரிவிறங்குபவர் வால்வையே பொருத்த வேண்டும்.