நிலம் 2 மிஞ்சாமல்: மின், மேக்ஸை எப்படி எழுதுவது?

சிறுபோகத்துக்கு முன் நடக்கும் கூட்டத்தில், குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் எவ்வளவு விதைக்கலாம் என்று தீர்மானிப்பார்கள். ஆளுக்கு 2 ஏக்கர் என்று முடிவானதாக வைத்துக்கொள்வோம். 5 ஏக்கர் வைத்திருப்பவருக்கும் 2தான். ஒன்றரை ஏக்கர்க்காரருக்கு ஒன்றரைதான். கிளிநொச்சியில் என்னிடம் செய்நிரலாக்கம் படிக்கும் பிள்ளைகளிடம் இதை ஒரே வரியில் எழுதச் சொன்னேன். பலர் மேக்ஸ்(நிலம், 2) என்று எழுதினார்கள். “ஆகக்கூடியது ரெண்டு ஏக்கர் எண்டுதானே சேர் சொன்னீங்கள்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

மின் இரண்டில் சிறியதைத் தரும், மேக்ஸ் பெரியதை; அதனால் இங்கே வேண்டியது மின்(நிலம், 2). ஆனாலும் அவள் கேட்டது நியாயம். மேல்வரம்பு போட மின், கீழ்வரம்பு போட மேக்ஸ் என்பது நாம் பேசும் விதத்துக்கு நேர்மாறு. வகுப்பில் தமிழ்ச் சொற்களால் ஒரு சிறு கணினி மொழி கட்டிக்கொண்டிருக்கிறோம். அதில் இந்த இரண்டையும் எப்படி வைப்பது என்று மற்ற மொழிகளை எடுத்துப் பார்த்தோம்.

சி மொழியில் மேக்ரோவாக, அதாவது எழுதியதை அப்படியே இடத்தில் பதிக்கும் சுருக்கமாக, ‘அ சிறிதானால் அ, இல்லையேல் ஆ’ என்று எழுதுவது பழைய வழக்கம்: ((அ) < (ஆ) ? (அ) : (ஆ)). இதில் தெரிவாகும் பக்கம் இரண்டு தடவை கணக்கிடப்படும். அ இருக்கும் இடத்தில் குளத்தின் நீர்மட்ட உணரியை வாசிக்கும் அழைப்பு இருந்தால், ஒப்பிட்டது ஒரு வாசிப்பு, கையில் வருவது இன்னொரு வாசிப்பு. இரணைமடுக் குளத்தின் 36 அடி மட்டத்தைத் தாண்டக்கூடாது என்று எழுதிய வரியே 36.2 தந்துவிடலாம். உடனே தள்ளிவிட்டோம்.

குறிகளாலும் எழுதியிருக்கிறார்கள். ஜிசிசி தொகுப்பி சி++ மொழிக்கு <?, >? என்ற இரண்டைக் கொடுத்து, பிறகு கைவிட்டது. ஏபிஎல் மொழியின் ⌊, ⌈ எனக்கு மிகவும் பிடித்தவை: கீழே கோடு என்றால் சிறியது, மேலே கோடு என்றால் பெரியது. ஆனால் எங்கள் விசைப்பலகையில் அவை இல்லை.

ராக்கு மொழியில் சொல்லே நடுவில் நிற்கும்: அ மின் ஆ. வாசிக்கச் சுகம், ஆனால் அங்கே மின்னை விட < இறுக்கமானது, அதாவது முதலில் கணக்கிடப்படும். அ மின் ஆ < இ என்று எழுதினால் அ மின் (ஆ < இ) என்று பிரியும். பிள்ளைகள் விழக்கூடிய குழி இது. ரஸ்டில் நிலம்.மின்(2) என்றும் எழுதலாம்; அது ‘நிலம், குறைந்தது 2’ என்றே காதில் விழுகிறது. பைதானின் மின்(நிலம், 2) இவற்றை விடப் பாதுகாப்பானது. கோ மொழியும் 2023இல், 1.21 பதிப்பில், அதே சார்பு வடிவத்தைத்தான் உள்ளே சேர்த்தது.

ஆனாலும் அந்தப் பிள்ளையின் கேள்வி அப்படியே நின்றது. விடை ஃபோர்த் மொழியில் கிடைத்தது. அங்கே இரண்டு எண்களையும் முதலில் வைத்து, செயலைக் கடைசியில் சொல்ல வேண்டும்: நிலம் 2 மின். வினை கடைசியில் வருவது தமிழுக்குப் புதிதா என்ன? பெயரை மட்டும் மாற்றினோம்: நிலம் 2 மிஞ்சாமல். கீழ்வரம்புக்குக் ‘குறையாமல்’. இரண்டையும் சேர்த்தால் மட்டம் 0 குறையாமல் 36 மிஞ்சாமல். அடைப்புக்குறி வேண்டாம், முன்னுரிமைச் சண்டை இல்லை, பேச்சும் கணக்கும் ஒரே பக்கம் நிற்கின்றன. அக்கராயன், முத்தையன்கட்டு ஆகிய இரண்டு குளங்களில் எதன் மட்டம் குறைவு என்று கேட்க மட்டும் இந்தச் சொற்கள் பொருந்தாது. அதற்குச் சிறியது(...), பெரியது(...) என்று சார்புகளை வைத்துக்கொண்டோம்.

அப்புறம் வந்ததுதான் பெரிய வாக்குவாதம். உணரி பழுதாகி எண்ணுக்குப் பதில் நேன், அதாவது ‘எண் அல்ல’ என்ற மதிப்பு வந்தால்? பைதானில் விடை வரிசையைப் பொறுத்தது: மின்(நேன், 1) நேன் தரும், மின்(1, நேன்) 1 தரும். இதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். சி மொழியின் எஃப்மின், ரஸ்டின் மிதவைப்புள்ளி (தசம எண்) மின் இரண்டும் நேனை ஒதுக்கிவிட்டு மற்ற எண்ணைத் தரும். ஜாவாஸ்கிரிப்ட்டும் கோவும் நேனையே தரும். மிதவைப்புள்ளி எண்களுக்கான ஐஇஇஇ 754 தரநிலையின் 2019 பதிப்பு இரண்டு வகைக்கும் தனித்தனிச் செயல்களை வைத்திருக்கிறது.

மழைப் பதிவேட்டில் ஒருநாள் விடுபட்டால் ஒதுக்கிவிட்டுப் போகலாம். வான்கதவைத் திறப்பதா என்று பார்க்கும்போது அப்படிச் செய்யக்கூடாது. மிக உயர்ந்த மட்டத்தைக் காட்ட வேண்டிய உணரியே செத்திருந்தால், மிச்சத்தில் பெரியதை எடுத்து ‘பயமில்லை’ என்று சொல்லிவிடும். வாசிப்பே இல்லாத வெறும் பட்டியலுக்கும் இதே ஆபத்து உண்டு. அங்கே பெரியதைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் எதிர் முடிவிலியை, அதாவது எல்லா எண்களையும் விடச் சிறியதைத் தருகிறது. கணிதப்படி சரி, குளக்கட்டில் நிற்பவருக்குச் சரியல்ல. பைதான் பிழை என்று நிறுத்துகிறது. நாங்களும் நிறுத்துகிறோம். எங்கள் மொழியில் நேன் வந்தால் நேனே வெளியே வரும். ஒதுக்கத்தான் வேண்டுமென்றால் பெரியது_தெரிந்தவற்றில்(...) என்று முழுப்பெயரையும் எழுத வேண்டும்.