66 சிசி சைக்கிள் இன்ஜின், ரெண்டு வருஷம் ஓட்டினதுக்கு அப்புறம்

பெட்டில 80 சிசின்னு போட்டிருந்துச்சு. போர் (சிலிண்டர் உள் விட்டம்) 47 மி.மீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 38 மி.மீ, கணக்கு போட்டா 66 தான் வருது, சரி போகட்டும். பொள்ளாச்சி பக்கம் எங்க தோப்புக்குள்ள மோட்டார் ரூமுக்கும் களத்துக்கும் போய்வர பழைய சைக்கிள்ல மாட்டினது. ரோட்டுக்கு எடுக்கறதில்ல, 25 சிசி தாண்டினாலே சட்டப்படி மோட்டார் வண்டி, ஆர்சி இல்லாம போனா மாட்டிக்குவோம்.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே சிலிண்டரைக் கழட்டிட்டேன். கேஸ்கட் ஓட்டை ஒரு அளவு, போர்ட் (கலவையும் புகையும் போய்வர சிலிண்டர்ல இருக்கற வழி) ஒரு அளவு, உள்ள வார்ப்புப் பிசிறு வேற. ரெண்டு சாயங்காலம் உருட்டு அரம் வச்சு ராவி, பிஸ்டன் ரிங் மாட்டாத மாதிரி போர்ட் ஓரத்தை லேசா மழுக்கி, பெட்ரோல்ல கழுவி மாட்டினேன். இதனால ஸ்பீடு கூடுச்சான்னு கேட்டா பெருசா இல்லைங்க, ஆனா இழுவை சீரா இருக்கு.

புது இன்ஜினைப் பழக்க, முதல் டேங்குக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 60 மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலந்தேன். பத்து நிமிஷம் ஓட்டுறது, ஆற விடுறது, ஒரே த்ராட்டில்ல பிடிக்காம ஏத்தி இறக்கி ஓட்டுறது. மச்சான் "முறுக்குங்க மாப்ள"ன்னு உசுப்பேத்திட்டே இருந்தாரு, நான் அசையல. புகை பயங்கரம், தோப்புல கொசு இல்ல. அப்புறம் 40 மில்லிக்கு இறக்கிட்டேன்.

இவ்ளோ பொறுமையா பழக்கி ஓட்டியும் மூணாவது மாசம் இன்ஜின் சீஸ் ஆச்சு, பிஸ்டன் சிலிண்டர்ல இறுகிப்போச்சு! அதுக்கு நானே காரணம். அதிர்வு குறையட்டும்னு முன் கிளாம்ப்ல டயர் டியூப் வெட்டி வச்சேன், இன்ஜின் அது பாட்டுக்கு ஆட, கார்புரேட்டர் பக்கத்து இன்டேக் குழாய் நட்டு தளர்ந்து காத்து உள்ள போக ஆரம்பிச்சிருக்கு. த்ராட்டில் கொடுக்காம ஐடில்ல நிக்கும்போதே தானா ரேஸ் ஆகுதேன்னு பார்த்துட்டு, கேபிள் பிரச்சனைன்னு நெனச்சு விட்டுட்டேன். காத்து கூடினா கலவையில பெட்ரோலும் கம்மி ஆயிலும் கம்மி, சூட்டுல பிஸ்டன் கீறிப்போச்சு. லேத்துக்காரர் பார்த்து சிரிச்சாரு, சிலிண்டர் பிஸ்டன் ரெண்டுமே புதுசு.

ரப்பரைத் தூக்கிட்டு இரும்பு கிளாம்ப், எல்லா ஸ்டட்டுக்கும் (தலையில்லாத மரை போல்ட்) லாக்டைட், நட்டு தளராம இருக்க போடற பசை. பிளக்கையும் என்ஜிகே பி6எச்எஸ்க்கு மாத்திட்டேன், இப்ப கழட்டிப் பார்த்தா காப்பித்தூள் கலர்ல இருக்கு, கலவை சரின்னு அர்த்தம். செயினை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனரை மட்டும் நம்பாதீங்க, ஒருதடவை திரும்பி ஸ்போக்ஸ்ல சிக்கி மூணு கம்பி போச்சு.

சைலன்சர் ஸ்டட் போன வாரம் மறுபடி உடைஞ்சுது. 6 மி.மீ தாங்கல, 8 மி.மீக்கு மரை போட சிலிண்டர் லேத்துல கிடக்கு.