ஸ்டாக்ஹோமில் பாயிண்ட் கொடுத்து ஹோட்டல் எடுக்கப் போகிறீர்களா? முதலில் ஜன்னல் இருக்கிறதா என்று கேளுங்கள்

ஸ்டாக்ஹோம் போகிறவர்கள், அதுவும் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், ஹோட்டல் சங்கிலிகள் (ஒரே பெயரில் பல ஊர்களில் இருப்பவை) தங்குகிற உறுப்பினர்களுக்குத் தரும் பாயிண்டை நம்பி அறை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். 2025 ஜூனில் எனக்கும் என் அம்மாவுக்கும் நடந்தது இது. ஹோட்டலின் பெயரை இங்கே போடவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்த இடத்தில் ஏமாந்தேன் என்பது தெரிந்தால் போதும், எந்தச் சங்கிலியிலும் உங்களுக்கு உதவும்.

வேலைக்காக மூன்று வருடமாகப் புனே, ஹைதராபாத், ஃபிராங்க்ஃபர்ட் என்று அலைகிறேன். எங்கே போனாலும் ஒரே சங்கிலியின் ஹோட்டலில்தான் தங்குவேன். கூட வருகிறவர்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளும்போதும், ராத்திரிக் கணக்கு கூடுமே என்று நான் அரை மணி நேரம் தள்ளி இருக்கிற இடத்துக்கே போயிருக்கிறேன். அப்படிச் சேர்ந்தது ஒன்றரை லட்சம் பாயிண்ட். கூடவே கோல்டு ஸ்டேட்டஸ், அதாவது நிறைய ராத்திரி தங்குகிறவர்களுக்குக் கூடுதல் சலுகை தரும் உறுப்பினர் தகுதி. அம்மாவுக்கு 68 வயது. ராத்திரியிலும் இருட்டாத ஊரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜூன் பின்பாதியில் ஸ்டாக்ஹோமில் சூரியன் ராத்திரி பத்து மணிக்கு இறங்கி, விடிகாலை மூன்றரைக்கு மறுபடி வந்துவிடும். நடுவிலும் முழு இருட்டு கிடையாது, சாம்பல் நீலமாக ஒரு வெளிச்சம் இருந்துகொண்டே இருக்கும். அதற்காகத்தான் இந்தப் பயணமே.

விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் வேண்டும் என்பதால் நான்கு மாதம் முன்பே பதிவு செய்துவிட்டேன். நான்கு இரவுக்குப் பாயிண்ட் கொடுத்தால் ஐந்தாவது இரவு இலவசம். ஒரு இரவுக்கு 35,000 வீதம் 1,40,000 பாயிண்ட் போனது. சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். ஆப்பில் இருந்த படங்களில் பெரிய ஜன்னல், அதற்கு வெளியே தண்ணீர், தூரத்தில் சர்ச் கோபுரம். உறுதிப்பத்திரத்தில் ‘ஸ்டாண்டர்ட் அறை, ஒரு குயீன் கட்டில்’ என்று இருந்தது. அதை அச்செடுத்து விசாக் கோப்பில் வைத்தேன். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு தாள்தான்.

ஜூன் 18, புதன்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். ரிசப்ஷனில் இருந்த பையன் சிரித்த முகமாகத்தான் இருந்தான். “கோல்டு மெம்பர், நன்றி” என்றான். கார்டைத் தேய்த்து முன்பணம் பிடித்துவைத்தான். “வரவேற்புப் பரிசாகப் பாயிண்ட் வேண்டுமா, குடிக்க ஏதாவது வேண்டுமா?” என்று கேட்டான். பாயிண்ட் என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தையின் விலை பிறகு தெரிந்தது.

அறைக்குள் போனதும் அம்மா வழக்கம்போலக் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகத் திரைச்சீலைப் பக்கம் போனார். கட்டிலுக்கு எதிரே சுவர் முழுக்க வெள்ளைத் திரை. பின்னாலிருந்து மெல்லிய வெளிச்சம் வந்தது. அம்மா அதை விலக்கினார். சுவர். மேல் விளிம்பில் நீளமாக ஒரு டியூப் லைட். அம்மா இன்னொரு பக்கமும் விலக்கிப் பார்த்தார். “ஏண்டி, ஜன்னல் எங்க இருக்கு?” என்று கேட்டார். நான் குளியலறைக்குள் போய்ப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

ஸ்டாக்ஹோமுக்குப் புதிதாகப் போகிற நம்மவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். அங்கே ஜன்னல் இல்லாத அறை சாதாரணம். தீவுகளின் மேல் கட்டிய ஊர், நடு ஊரில் இடம் நெருக்கம். அகலமான பழைய அலுவலகக் கட்டடங்களை ஹோட்டலாக மாற்றும்போது நடுப்பகுதியும் அடித்தளமும் வீணாகாமல் அறைகளாகிவிடுகின்றன. ஸ்வீடிஷில் ‘உத்தான் ஃபென்ஸ்தர்’ என்று போட்டிருப்பார்கள். ‘உத்தான்’ என்றால் இல்லாமல், ‘ஃபென்ஸ்தர்’ என்றால் ஜன்னல். இந்த இரண்டு வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பல உள்ளூர் ஹோட்டல்கள் அதை வெளிப்படையாகச் சொல்லி, விலையைக் குறைத்தே விற்கின்றன. ராத்திரி தூங்க மட்டும் வருகிறவருக்கு அது நல்ல பேரம், அதில் எந்தத் தப்பும் இல்லை. சொல்லாமல் கொடுப்பதுதான் தப்பு. நான் பதிவு செய்த ஆப்பில் அந்த விஷயம் எங்கேயும் இல்லை. ஹோட்டலின் ஸ்வீடிஷ் பக்கத்தில் அறை விவரத்தின் கடைசி வரியில் இருந்தது. அன்று ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தேன்.

கீழே போய்க் கேட்டேன். “ஹோட்டல் நிறைந்துவிட்டது. பாயிண்டில் எடுத்தால் இந்த வகைதான் கிடைக்கும்” என்றான். கோல்டு மெம்பருக்கு அப்கிரேடு, அதாவது கூடுதல் காசில்லாமல் மேல்வகை அறை, உண்டே என்றேன். “இருந்தால் தருவோம்” என்றான். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது: இரவுக்கு 450 குரோனா (ஸ்வீடன் பணம்) கூடுதலாகக் கொடுத்தால் ‘நகரக் காட்சி அறை’. ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டேன். ஜன்னலுக்குத்தான் அந்தக் காசு என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. ஸ்டேட்டஸ் இருக்கிறவருக்கு இலவசமாகக் கிடைக்கலாம் என்று சொல்லும் அறையையே, கடைசி நாளில் காசுக்கு எல்லோருக்கும் விற்றுவிடுகிறார்கள். பிறகு காலியாக என்ன இருக்கும்?

அந்த அறையில் மூன்று ராத்திரி இருந்தோம். விளக்கை அணைத்தால் கை தெரியாத இருட்டு. முதல் நாள் ராத்திரி அம்மா எழுந்து மணி என்ன என்று மூன்று தடவை கேட்டார். முழங்கால் வலிக்காரர், இருட்டில் கட்டில் முனையில் இடித்துக்கொண்டார். இருட்டாத ராத்திரியைப் பார்க்க அத்தனை தூரம் வந்தவரை நான் அப்படி ஓர் அறையில் படுக்க வைத்திருக்கிறேன் என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

வியாழக்கிழமை மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். “நாளைக்கு மிட்சொம்மர், அவர் திங்கட்கிழமைதான் வருவார்” என்றார்கள். மிட்சொம்மர் அவர்களுக்கு நம் பொங்கல் மாதிரி. ஜூன் 19க்கும் 25க்கும் நடுவில் வருகிற வெள்ளிக்கிழமை. அன்று ஊரே கிராமத்துக்கும் தீவுகளுக்கும் போய்விடும், கடைகள் பல மூடிவிடும். ஏதாவது பிரச்சினை என்றால் முடிவெடுக்கக்கூடியவர் ஒருவரும் இருக்க மாட்டார். அந்த வாரத்தில் போகிறவர்கள் எல்லாவற்றையும் முன்னாலேயே எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை 7ஆம் எண் டிராம் பிடித்து ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போனோம். பூவும் இலையும் சுற்றிய கம்பத்தைத் தூக்கி நிறுத்தி, சுற்றிச் சுற்றி ஆடினார்கள். குழந்தைகள், கிழவர்கள் எல்லோர் தலையிலும் பூ வளையம். அம்மா முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். திரும்பி அந்தப் பெட்டிக்குள் நுழைய அவருக்கு மனசே இல்லை.

ராத்திரியே முடிவு செய்தேன். சனி, ஞாயிறு இரண்டு இரவுக்கு ஊரின் தெற்குப் பகுதியான ஸோடர்மால்மில் ஒரு சின்ன உள்ளூர் ஹோட்டலுக்கு ஃபோன் செய்து, “ஜன்னல் இருக்கிறதா, எந்தப் பக்கம் பார்க்கிறது?” என்று கேட்டு எடுத்தேன். வாரக்கடைசியில் அலுவலக ஆட்கள் இல்லாததால் விலையும் இறங்கியிருந்தது. பிரேக்ஃபாஸ்ட் சேர்த்து இரவுக்கு 1,350 குரோனா.

சனிக்கிழமை காலை செக்-அவுட் செய்யும்போது அடுத்த அடி. பில்லில் 1,290 குரோனா. மூன்று நாள், இரண்டு பேர், தலைக்கு 215 வீதம் பிரேக்ஃபாஸ்ட். உறுப்பினர் பக்கத்தில் ‘கோல்டு: உறுப்பினருக்கும் உடன் வரும் ஒருவருக்கும் காலை உணவு’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. தினமும் சாப்பாட்டு அறை வாசலில் ஒரு பெண் அறை எண்ணைக் கேட்டு, தாளில் கோடு போட்டுக்கொண்டு உள்ளே விட்டார். காசு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விஷயம் இதுதான்: ஒரே சங்கிலிக்குள் பல பிராண்டுகள் இருக்கும், சலுகை பிராண்டுக்கு பிராண்டு மாறும். இந்த பிராண்டில் வரவேற்புப் பரிசாகப் பிரேக்ஃபாஸ்டையும் தேர்ந்தெடுக்கலாமாம். முதல் நாள் ரிசப்ஷன் பையன் செக்-இன்னில் என்னிடம் கேட்டபோது மூன்றாவது தேர்வைச் சொல்லவே இல்லை. நான் பாயிண்ட் என்று சொன்னதால் பிரேக்ஃபாஸ்ட் உரிமை போய்விட்டது என்றார்கள். மீதி இரண்டு இரவின் பாயிண்ட் திரும்பாது, அதிலும் ஓர் இரவு ‘இலவசம்’ என்பதால் கணக்கிலேயே வராது என்றார்கள்.

கார்டு மெஷினிலும் ஒரு விஷயம். குரோனாவா, ரூபாயா என்று திரையில் கேட்கும். ரிசப்ஷனில் இருந்தவர் தானே ரூபாயை அழுத்திவிட்டு என்னிடம் நீட்டினார். பார்க்காமல் பின் நம்பரைப் போட்டேன். அன்றைய மாற்று விலைக்கு அது சுமார் 700 ரூபாய் கூடுதல். எந்த ஊரிலும் அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள். மெஷினைக் கையில் வாங்கி நீங்களே அழுத்துங்கள்.

ஊருக்கு வந்து புகார் செய்தேன். சங்கிலி சொன்னது: “அறை ஒதுக்குவது ஹோட்டலின் பொறுப்பு.” ஹோட்டல் சொன்னது: “பாயிண்ட் விதிகள் சங்கிலியுடையவை.” ஆறு வாரம் இப்படியே போனது. இதற்குக் காரணம் புரிந்தால் கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியும். பெயர்ப்பலகையில் இருக்கும் நிறுவனம் பெரும்பாலும் அந்த ஹோட்டலை நடத்துவதே இல்லை. கட்டடம் ஒருவருடையது, வாடகைக்கு எடுத்து நடத்துபவர் இன்னொருவர், பெயரும் முன்பதிவு முறையும் மட்டும்தான் சங்கிலியுடையது. ஸ்வீடனில் ஹோட்டல் கட்டடங்களை வாங்கி வைத்திருப்பதையே தொழிலாகச் செய்யும் பாண்டாக்ஸ் மாதிரி நிறுவனங்கள் பங்குச் சந்தையிலேயே இருக்கின்றன. அதனால் பில்லின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். புகார் அந்தப் பெயருக்கும் போக வேண்டும். நான் அப்படி எழுதி, விசாவுக்கு எடுத்த அந்த உறுதிப்பத்திரத்தையும், உறுப்பினர் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் இணைத்த பிறகுதான் பிரேக்ஃபாஸ்ட் காசு திரும்பி வந்தது. பாயிண்டில் 10,000 மட்டும் ‘நல்லெண்ணமாக’ப் போட்டார்கள்.

இனிமேல் நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். பதிவு செய்த அன்றே ஹோட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்றே கேள்வி கேட்பேன்: வெளியே பார்க்கும் ஜன்னல் உண்டா, அறை எத்தனை சதுர மீட்டர், என் ஸ்டேட்டஸுக்குப் பிரேக்ஃபாஸ்ட் எத்தனை பேருக்கு. பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்வேன். ஜன்னல் உள்முற்றத்தைப் பார்த்தால் பரவாயில்லை, சத்தமில்லாமல் இருக்கும். ரத்து செய்தால் பாயிண்ட் திரும்பக் கிடைக்கும் வகையிலேயே பதிவு செய்வேன். ‘ஸ்டாக்ஹோம்’ என்று பெயரில் இருந்தாலும் வரைபடத்தைப் பார்ப்பேன். சங்கிலிகளின் சில ஹோட்டல்கள் அர்லாண்டா விமான நிலையத்தில், ஊரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. அங்கிருந்து ரயிலில் ஒவ்வொரு தடவை வந்து போகவும் கூடுதல் கட்டணம் அழ வேண்டும். அப்புறம், கிரெடிட் கார்டு தளம், பயணத் தளம் வழியாக எடுத்தால் பல சங்கிலிகளில் பாயிண்டும் சேராது, சலுகையும் கிடைக்காது. என் சக ஊழியர் ஒருவர் அப்படி நான்கு இரவின் கணக்கை இழந்தார்.

இன்னொன்றும் தோன்றுகிறது. ஸ்காண்டிக், ஸ்ட்ராபெரி (2023 வரை நார்டிக் சாய்ஸ் என்று இருந்தது) போன்ற அந்த ஊர்ச் சங்கிலிகளில் பிரேக்ஃபாஸ்ட் பெரும்பாலும் அறை விலையிலேயே சேர்ந்தது. எந்த ஸ்டேட்டஸும் தேவையில்லை. கோல்டு என்ற பெயருக்காக நான் மூன்று வருடம் ஓடியது, அங்கே சும்மா வருகிற எவருக்கும் தட்டில் கிடைக்கிறது.

மீதிப் பாயிண்டுக்காக ஸ்வீடனின் நுகர்வோர் தகராறு வாரியத்தில், ஏ.ஆர்.என். என்று சொல்வார்கள், மனு போட்டிருக்கிறேன். கட்டணம் கிடையாது, எல்லாம் எழுத்து மூலம்தான். முதலில் நிறுவனத்திடம் புகார் செய்திருக்க வேண்டும், அந்தப் புகாரிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். அவர்கள் தீர்ப்பு பரிந்துரைதான், கட்டாயம் கிடையாது. பதில் வந்ததும் இதற்குக் கீழேயே சேர்க்கிறேன். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால், அல்லது புகார்க் கடிதத்தை எப்படி எழுதினேன் என்று பார்க்க வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.